பெரிய அட்டை ஒன்று, சின்ன அட்டை மூன்று

தர்மபுரம்,
04.08.2025

ராஜினி,

நான் பேசாமல் இருந்தது போதும். ஐந்து கிழமையாக உம்மைப் பற்றி எவரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை. சந்தையில் கேட்டார்கள், சொல்லவில்லை. பேருந்தில் கேட்டார்கள், யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆனால் நேற்று உடையார்கட்டுக்குப் போய் வந்த எங்கள் சனசமூக நிலையச் செயலாளர் இரஞ்சிதம், தன் தொலைபேசியில் எடுத்த படம் ஒன்றைக் காட்டினா. நீர் இப்போது தொண்டராக வேலை செய்யும் வாசிகசாலையின் சுவரில் ஒரு தாள். 'இரண்டு கிராபிக்ஸ் அட்டைகள்: உண்மையான ஒப்பீடு' என்று தலைப்பு. அந்த 'உண்மையான' யாருக்காக எழுதப்பட்டது என்பது விளங்காத அளவுக்கு நான் மூடனல்ல.

தொலைபேசியில் என் இலக்கத்தைத் தடுத்து வைத்திருக்கிறீர். ஆகவே கடிதம்.

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். பெப்ரவரியில் கனடாவிலிருந்து ரூபன் இரண்டு அட்டைகளைக் கொடுத்தனுப்பினான். ஒன்று எங்கள் நிலையத்துக்கு, மற்றது உடையார்கட்டுக்கு. எது எங்கே போக வேண்டும் என்பதைச் சோதித்துச் சொல்லும்படி அவன் கேட்டது அவனுக்குப் பௌதிகம் படிப்பித்த என்னை. உம்மை அல்ல. பெரிய அட்டையின் நினைவகம் பதினாறு கிகாபைட், சின்னதன் நினைவகம் எட்டு. நினைவகத்துக்கும் கணிக்கும் பகுதிக்கும் இடையிலுள்ள பாதை பெரியதில் 256 பிட், சின்னதில் 128. கணிக்கும் அலகுகள் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இது பெட்டியில் அச்சிட்டிருப்பது. அதையும் நான் நம்பவில்லை. இரண்டையும் கிளிநொச்சிக்குக் கொண்டுபோய், ஒரு கடையில், ஒரே கணினியில் மாறி மாறிப் பூட்டினேன். ஒரே வீட்டுப் படத்தைக் கொடுத்து, வாசலிலிருந்து பின்கதவு வரை நடந்து பார்ப்பது போன்ற ஒரே காட்சியை உருவாக்கச் செய்தேன். பெரியது ஐம்பது நிமிடம். சின்னது எண்பத்தைந்து நிமிடம். மூன்று தடவை செய்தேன். இதில் எது பொய்?

பெரியது எங்களுக்கு, சின்னது உடையார்கட்டுக்கு என்று அறிக்கை எழுதினேன். எந்தப் பரீட்சகரும் அதற்கு நூறு புள்ளி தருவார். பிறகு அதைப் பூட்டிய இயந்திரம் ஒவ்வொரு நாளும் நின்றது. வேலை தந்த கொழும்பு நிறுவனம் கேட்ட வீட்டுக் காட்சிகளை நிலையத்தில் நீர் பயிற்றுவித்த எட்டு மாணவிகளால் நேரத்துக்குக் கொடுக்க முடியவில்லை. நிறுவனம் விலகிக்கொண்டது. இயந்திரத்தின் மூடியைத் திறந்து கைவைத்தவர் நீர் ஒருவர்தான். 'பயிற்றுநரின் கவனக்குறைவான கையாளுகை' என்று ஜூனில் எழுதினேன். நிர்வாகம் உம்மை நிறுத்தியது. என்னுடைய வேலை எழுதுவது. நிறுத்துவது நிர்வாகத்தின் வேலை.

அதிபர் பதவிக்கு மூன்று தடவை நேர்முகத்துக்குப் போய், மூன்று தடவையும் என்னைவிடக் குறைந்தவர்களுக்குக் கதவு திறந்ததைப் பார்த்து, முன்கூட்டியே ஓய்வெடுத்து மிளகாய் நடுகிறவன் நான். இனியும் ஒருவர் என்னைச் சுவரில் ஒட்டுவதற்கு இடம் கொடுக்க மாட்டேன். அந்தத் தாளைக் கழற்றும்.

க. கதிர்காமநாதன், பி.எஸ்சி. (சிறப்பு)
தொழில்நுட்ப ஆலோசகர், சனசமூக நிலையம்


உடையார்கட்டு,
09.08.2025

மதிப்புக்குரிய சேர்,

உங்கள் கடிதம் கிடைத்தது. கடிதமாக எழுதியதற்கு நன்றி. வாயால் சொன்னதைப் பிறகு சொல்லவில்லை என்று நீங்கள் சொல்வதைக் கேட்டுக் களைத்துத்தான் உங்கள் இலக்கத்தைத் தடுத்தேன்.

தாளைக் கழற்றிவிட்டேன். 'உண்மையான' என்ற சொல்லை எழுதியது நான் அல்ல, இங்கே படிக்கும் சிவதர்சினி. தலைப்புக் கவர்ச்சியாக இருக்க வேண்டுமாம். ஆனால் கீழே உள்ள எண்கள் என்னுடையவை. படத்தில் அவை தெளிவாகத் தெரிந்திருக்காது, ஆகவே எழுதுகிறேன்.

உங்கள் அறிக்கையில் பொய் இல்லை, சேர். ஒரு காட்சிக்கு எத்தனை நிமிடம் என்று அளந்தீர்கள். நான் ஒரு காலைக்கு எத்தனை காட்சி என்று அளந்தேன். காலை எட்டரையிலிருந்து ஒரு மணி வரை. இங்கே சின்ன அட்டையில் மூன்று முடிகிறது, ஒவ்வொரு நாளும் மூன்று. அங்கே பெரிய அட்டையில் ஜூன் மாதத்தில் பெரும்பாலான நாட்களில் ஒரு காலைக்கு ஒன்றுதான் முடிந்தது. ஐம்பது நிமிடம் ஓட வேண்டியது நாற்பதாவது நிமிடத்தில் நின்றால், திரும்ப முதலில் இருந்து.

பெட்டியில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. பெரியது முந்நூறு வாற்று மின்சாரம் எடுக்கும், சின்னது நூற்றுப்பதினைந்து. லைனில் வோல்டேஜ் விழும்போது யூ.பி.எஸ். தன் பற்றரியில் பாரத்தை ஏற்கிறது. சின்ன அட்டையின் பாரத்தைத் தாங்குகிறது. பெரியதைத் தாங்காமல் கீச்சென்று கத்திவிட்டு எல்லாவற்றையும் இருட்டாக்குகிறது. இங்கேயும் வோல்டேஜ் விழத்தான் செய்கிறது. யூ.பி.எஸ். கத்துகிறது, பிள்ளைகள் நிமிர்ந்து பார்க்கிறார்கள், காட்சி ஓடிக்கொண்டே இருக்கிறது.

இதைத்தான் மார்ச் மாதக் கூட்டத்தில் சொல்ல எழும்பினேன். "எங்கட லைனில பெரிசு நிக்காது சேர், சின்னனை வைச்சிருப்பம்" என்றேன். நீங்கள் சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "வோல்டேஜைப் பற்றி எனக்குப் பழனியாண்டியின்ரை மகள் படிப்பிக்கிறாவோ? தேயிலை கிள்ளின கையாலை இப்ப வயர் பிடிக்க வெளிக்கிட்டினம்." எல்லோரும் சிரித்தார்கள். அப்பா பின்கதிரையில் இருந்தார். அவரும் சிரித்தார். அப்பா தேயிலை கிள்ளியதில்லை, சேர். எழுபத்தேழுக் கலவரத்தில், ஏழு வயதில் மலையகத்திலிருந்து தர்மபுரத்துக்கு வந்தவர். அன்றிலிருந்து பிடித்தது மண்வெட்டி.

இயந்திரத்தின் மூடியை நான் திறந்தது ஒரே ஒரு தடவை. உள்ளே எறும்பு புகுந்திருந்தது. தூரிகையால் தட்டிவிட்டு மூடினேன்.

நான் கேட்பது ஒன்றுதான். முல்லைத்தீவில் ஒரு பயிற்சி நிலையத்தில் பயிற்றுநர் பதவிக்கு விண்ணப்பித்திருக்கிறேன். செப்டெம்பர் பதினேழாம் திகதி நேர்முகம். முன்பு வேலை செய்த இடத்திலிருந்து கடிதம் கொண்டுவரச் சொல்கிறார்கள். இரஞ்சிதம் அக்கா, "கதிர்காமநாதன் சேரின்ரை அறிக்கை கோப்பில கிடக்கேக்க நான் என்னெண்டு பிள்ளை நல்லா எழுதித் தாறது?" என்கிறா. நீங்கள் அந்த ஒரு வரியைத் திருத்திக் கையெழுத்து வைத்தால் போதும்.

பின்குறிப்பு: நிற்கும் நேரங்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தேன். 9.35, 10.25, 11.15, 12.05. ஏறக்குறைய எல்லா நாளும் இவைதான். ஆனால் ஜூன் 6, 13, 20, 27 ஆகிய நாட்களில் ஒரு தடவைகூட நிற்கவில்லை. பெரிய அட்டை அந்தக் காலைகளில் ஐந்து காட்சி முடித்தது. நான்கும் வெள்ளிக்கிழமை. எனக்கு இது விளங்கவில்லை. பௌதிகம் படித்தவர் என்ற முறையில் உங்களுக்கு விளங்குமா?

இப்படிக்கு,
ப. ராஜினி


தர்மபுரம்,
16.08.2025

ராஜினி,

உமது கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். மரியாதையாக எழுதுவது போல எழுதி ஆளைக் குத்துவது எப்படி என்று நன்றாகத்தான் படித்திருக்கிறீர்.

கூட்டத்தில் ஒருவர் பகிடியாகச் சொல்வதை ஐந்து மாதம் பொத்தி வைத்திருந்து கடிதத்தில் எடுத்து வைக்கிறீர். உமது தகப்பனே சிரித்தார் என்று நீரே எழுதுகிறீர். பிறகென்ன?

அறிக்கையைத் திருத்த முடியாது. கையெழுத்து வைத்த அறிக்கை அது. இன்று உமக்காக ஒரு வரியை மாற்றினால், நாளைக்கு என் மற்ற எல்லா வரிகளையும் ஊர் சந்தேகிக்கும். கிளிநொச்சியில் நான் எடுத்த அளவீடுகளை நீரே சரியென்று ஒப்புக்கொண்டிருக்கிறீர். அதோடு விடயம் முடிகிறது.

ஒரு மாதக் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு விஞ்ஞானம் பேசக்கூடாது. நான்கு வெள்ளிக்கிழமை என்பது ஒரு மாதிரியே அல்ல. தற்செயல். என் தோட்டத்து மோட்டருக்கும் உமது நேரங்களுக்கும் முடிச்சுப் போடுவதற்கு எந்த ஆதாரமும் இல்லை. என் கிணறு, என் மிளகாய், நான் எப்போது இறைக்கிறேன் என்பதெல்லாம் உமது ஆராய்ச்சிக்குள் வர வேண்டியதில்லை.

முல்லைத்தீவுக்கு வேறு எங்கிருந்தாவது கடிதம் எடுத்துக்கொண்டு போம்.

க. கதிர்காமநாதன், பி.எஸ்சி. (சிறப்பு)


உடையார்கட்டு,
21.08.2025

மதிப்புக்குரிய சேர்,

என் கடிதத்தின் பிரதி என்னிடம் இருக்கிறது. திரும்ப எடுத்துப் பார்த்தேன். மோட்டர் என்று நான் எங்கேயும் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை என்று மட்டும்தான் எழுதினேன். மோட்டர் உங்கள் கடிதத்தில் இருந்து வந்தது.

பிறகுதான் யோசித்தேன். நிலையத்தின் பின்வேலிக்கு அந்தப் பக்கம் உங்கள் மிளகாய்த் தோட்டம். ஒரே கம்பத்திலிருந்து இரண்டு லைன். கிணற்றில் ஊற்றுக் குறைவு என்று உங்கள் வீட்டு ஜெகதீஸ்வரி அன்ரி ஒருநாள் சொன்னவா. இருபது நிமிடம் இறைத்தால் அரை மணித்தியாலம் ஊறவிட வேணுமாம். இருபதும் முப்பதும் ஐம்பது. வெள்ளிக்கிழமை காலையில் நீங்கள் அம்மன் கோயிலுக்குப் போவீர்கள், பின்னேரம்தான் தண்ணீர் விடுவீர்கள். பின்னேரம் நாங்கள் நிலையத்தைப் பூட்டிவிடுவோம். இவ்வளவும் எனக்கு முன்னமே தெரிந்திருக்க வேண்டியது. மோட்டர் சத்தம் காதில் விழவில்லை. பெரிய அட்டையின் மூன்று விசிறியும் போடுகிற இரைச்சலில் பக்கத்தில் இருப்பவள் கதைப்பதே கேட்காது.

இவ்வளவு நாளும் நீங்கள் பிழையாக விளங்கிக்கொண்டீர்கள் என்று நினைத்திருந்தேன். பிழையாக விளங்கிக்கொள்ளாத ஒருவர் அந்த வரியை எழுதியிருப்பார் என்று நினைக்கவில்லை.

உங்கள் கடிதத்தை நிர்வாகத்துக்கு அனுப்பலாம். சிவதர்சினி, "அனுப்புங்கோ அக்கா, சுவரில ஒட்டுவம்" என்கிறாள். நான் அனுப்ப மாட்டேன். அந்த வரி உங்கள் கையால் எழுதப்பட்டது, உங்கள் கையால்தான் அழிய வேண்டும். அப்பாவுக்கும் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். மோட்டர் வருகிற இடத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு சொன்னார்: "விட்டுடு புள்ள. படிச்சவங்க எழுதுனத அழிச்சு எழுத மாட்டாங்க. நாமதான் நம்ம பாட்ட பாத்துக்கணும்."

அப்பா சொன்னது சரியா என்று மட்டும் பதினேழாம் திகதிக்கு முன் அறிய விரும்புகிறேன்.

ப. ராஜினி


தர்மபுரம்,
08.09.2025

ராஜினி,

உங்கள் கடிதம் வந்து பதினாறு நாள். அதை மேசை லாச்சியில் வைத்தேன், பிறகு எடுத்துப் பௌதிகப் புத்தகத்துக்குள் வைத்தேன், பிறகு சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். எங்கே வைத்தாலும் 'மோட்டர் என்று நான் எங்கேயும் எழுதவில்லை' என்ற வரி வாசிக்கத் தெரிந்தவர்களுக்கெல்லாம் தெரியும்படி இருப்பதாகப்பட்டது.

எனக்குத் தெரியும். ஜூன் பதினான்காம் திகதியே தெரியும்.

அதற்கு முதல் கிழமை என் மனைவி ஜெகதீஸ்வரி சொன்னா: "இஞ்சாருங்கோ, நீங்கள் மோட்டரைப் போட்டவுடனை வேலிக்கு அங்காலை பிள்ளையள் 'ஐயோ' எண்டு கத்துதுகள். ஒருக்காப் போய்ப் பாருங்கோவன்." 'உமக்கு விசர்' என்று அவவிடம் சொல்லிவிட்டேன். ஆனால் சனிக்கிழமை, நிலையத்தில் ஒருவரும் இல்லாத நேரம், என்னிடமிருந்த சாவியால் திறந்து உள்ளே போனேன். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் இருபத்தாறு வருடம் பாவித்த அதே வோல்டேஜ் மீற்றரைக் கொண்டுபோனேன். இயந்திரத்தைப் போட்டு ஒரு காட்சியை ஓடவிட்டேன். மீற்றர் 226 காட்டியது. தொலைபேசியில் ஜெகதீஸ்வரிக்கு, "இப்ப போடும்" என்றேன். முள் 158க்கு விழுந்தது. யூ.பி.எஸ். கத்தியது. திரை இருண்டது. பிறகு முள் மெல்ல ஏறி 190இல் நின்றது.

பத்தாம் வகுப்புக்குப் படிப்பிக்கிற பாடம் அது. மோட்டர் தொடங்கும் கணத்தில் எத்தனை மடங்கு மின்னோட்டம் எடுக்கும் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். மார்ச்சில் நீங்கள் எழும்பிச் சொன்னது அதே பாடத்தின் விடை.

திரை இருண்டபோது எனக்கு வந்த முதல் எண்ணத்தை எழுதுகிறேன். அட, பெண் சொன்னது சரி என்பதல்ல. யாராவது பார்த்தார்களா என்பதுதான். வாசலுக்கு வந்து வீதியை இரண்டு பக்கமும் பார்த்தேன். ஒருவரும் இல்லை. கதவைப் பூட்டினேன். திங்கட்கிழமை காலை ஒன்பது முப்பத்தைந்துக்கு வழமைபோல மோட்டரைப் போட்டேன். போடும்போது காது கொடுத்தேன். பிள்ளைகளின் 'ஐயோ' கேட்டது. அதற்குப் பிறகும் இரண்டு கிழமை, வெள்ளி தவிர, ஒவ்வொரு நாளும் நாலு தடவை கேட்டேன்.

நேரத்தை மாற்றியிருக்கலாம். மாற்றினால் இயந்திரம் நிற்காது. நிற்காவிட்டால் ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். குறிப்பேடு வைத்திருப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும், நீங்கள் அப்படிப்பட்டவர். சின்ன அட்டையைத் திருப்பி எடுப்போம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பழனியாண்டியின் மகள் சொன்னதைக் கதிர்காமநாதன் கேட்டான் என்று ஆகிவிடும். ஆகவே ஜூன் இருபத்தொன்பதாம் திகதி, காரணம் கையில் இருக்க, அந்த வரியை எழுதிக் கூட்டத்தில் வாசித்தேன். உங்கள் அப்பா பின்கதிரையிலிருந்து எழும்பி, "சார், புள்ள என்னா தப்பு பண்ணிச்சு?" என்று கேட்டார். "அறிக்கையிலை இருக்கு, வாசியுங்கோ" என்றேன். அவர் வந்து தாளை வாங்கி, வாசிக்காமல் நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு உங்களைக் கூட்டிக்கொண்டு போனார். அந்தச் சட்டைப்பை எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. என் கதிரையிலிருந்து பார்க்க, தாளின் ஒரு முனை வெளியே தெரிந்தது.

உங்கள் இரண்டாவது கடிதத்துக்குப் பிறகும் நான் உடனே நேரானவனாக ஆகிவிடவில்லை. நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் தட்டச்சுச் செய்தேன். 'உண்மை அறிந்த ஒருவர்' எழுதுவது போல. வோல்டேஜ் எண்களும் மோட்டர் நேரங்களும் இருந்தன, அறிக்கை பிழை என்று இருந்தது, பெயர் மட்டும் இல்லை. உறையில் போட்டு ஒட்டும்போது ஜெகதீஸ்வரி கண்டுவிட்டா.

"ஆருக்கு?"

"நிர்வாகத்துக்கு."

வாங்கிப் பிரித்து வாசித்தா. "பேர் போடாத கடிதத்தை ஆர் கணக்கெடுக்கிறது? அந்தப் பிள்ளையை வெட்டின கடிதத்துக்கு மட்டும் பட்டமும் போட்டுக் கையெழுத்தும் வைச்சனீங்கள்." என்னிடம் திருப்பித் தரவில்லை. குசினிக்குள் கொண்டுபோய் அடுப்பில் வைத்தா.

நேற்று ஞாயிற்றுக்கிழமை மாதக் கூட்டம். கையால் எழுதி, முழுப்பெயரும் பட்டமும் போட்டுக் கையெழுத்து வைத்த கடிதத்தை இரஞ்சிதத்திடம் கொடுத்தேன். அவ அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு என்னிடமே நீட்டினா. "சேர், மற்றதை நீங்கள்தான் வாசிச்சனீங்கள். இதையும் நீங்களே வாசியுங்கோ."

வாசித்தேன். 'காரணத்தை அறிந்திருந்தும் மறைத்தேன்' என்ற இடத்தில் குரல் நின்றது. தண்ணீர் கேட்டேன். ஒருவரும் எழும்பவில்லை, கேட்கவில்லையோ தெரியாது. அந்த வரியைத் திரும்ப முதலில் இருந்து வாசித்தேன். மார்ச்சில் நான் சொன்ன தேயிலைக் கதையையும் எழுதியிருந்தேன். அதே சொற்களில். அன்று சிரித்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள். நேற்று ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

உங்கள் அப்பா அதே பின்கதிரையில்தான். முடிந்த பிறகு அவரிடம் போய் நின்றேன். அவர்தான் பேசினார். "சார், ராத்திரியெல்லாம் ஊறுன தண்ணி இருக்கும், வெள்ளன ஆறு மணிக்கு மோட்டரப் போட்டீங்கன்னா எட்டுக்குள்ள எறச்சு முடிச்சிரலாம். மொளகாய்க்கும் வெயிலுக்கு முன்னாடி தண்ணி விடுறதுதான் நல்லது." அவ்வளவுதான். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மன்னித்தாரா, பேசி முடித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. ஆறு மணிக்கு இறைத்தால் முடிந்திருக்கும் காரியம். ஒரு மீற்றரும் தேவைப்பட்டிருக்காது.

இன்று காலை ஆறு மணிக்கு இறைத்தேன். ஏழே முக்காலுக்கு முடிந்துவிட்டது.

பழைய அறிக்கை கோப்பிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. இத்துடன் இரண்டு தாள்கள் இருக்கின்றன. ஒன்று, முல்லைத்தீவுக்குக் கொண்டுபோக வேண்டிய கடிதம், இரஞ்சிதத்தின் கையெழுத்தும் நிலைய முத்திரையும் உண்டு. அதில் 'கவனமாகவும் திறமையாகவும்' என்ற சொற்களை நான் சொல்லி எழுதுவிக்கவில்லை, அவவே எழுதினா. மற்றது, நான் கூட்டத்தில் வாசித்ததன் பிரதி. நேர்முகத்தில் யாராவது பழைய கதையைக் கேட்டால் காட்டுங்கள். சுவரில் ஒட்ட வேண்டுமென்றாலும் ஒட்டலாம். அட்டைகளைப் பற்றிய புதிய அறிக்கையையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். முதல் வரி உங்களுடையது: இந்த லைனில், காலை வேளையில், பெரிய அட்டை ஒன்று, சின்ன அட்டை மூன்று. அளந்தவர் ப. ராஜினி என்று போட்டிருக்கிறேன்.

நிர்வாகத்துக்குப் போன எல்லாவற்றிலும் என் பெயர் இருக்கிறது. அங்கே அது இருக்கத்தான் வேண்டும். ஆனால் இந்தக் கடிதத்தின் அடியில் பேனையை வைத்துக்கொண்டு அரை மணித்தியாலமாக இருக்கிறேன். உங்கள் அப்பா மடித்து வைத்த தாளின் அடியிலும் இதே கையெழுத்துத்தான் இருந்தது. முன்னைய இரண்டு கடிதங்களிலும் அதைக் காட்டித்தான் உங்களை வாயடைக்கப் பார்த்தேன். பெயர் போட்டால், பெயர் போட்டவனுக்குப் பதில் எழுத வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும். நீங்கள் மரியாதை தெரிந்தவர், எழுதியும் விடுவீர்கள். 'பரவாயில்லை சேர்' என்றோ வேறு என்னவோ. அதைக் கேட்கிற உரிமை எனக்கு இல்லை.

யார் எழுதியது என்பது உங்களுக்குத் தெரியும். பத்து மணிக்குத் தபாற்கந்தோர் திறந்திருக்கும். கையெழுத்து வைக்காமலே போடுகிறேன்.